பாதி சிறுவாணி

என் கணவர் சபரீஷ் வேறொருத்தியை ‘அம்மணி’ என்று கூப்பிட்டதை என் காதாலேயே கேட்டேன். அவர் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் இருந்தேன், கையில் தோசைக் கரண்டி இருந்தது. இடையில் ஒரு சுவர் இருந்தது அவர் செய்த புண்ணியம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கம் பெண்களை மரியாதையும் செல்லமுமாகக் கூப்பிடுகிற அம்மணி என்பது ஒன்றும் பெரிய வார்த்தையில்லை. காய் விற்பவரும் சொல்வார், பஸ் கண்டக்டரும் சொல்வார். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் அப்படி வாரி இறைக்கிற ஆள் கிடையாது. கல்யாணமான புதிதில் என்னைச் சொன்னார். மகள் பிறந்ததும் அந்தப் பட்டத்தைப் பிடுங்கி அவளுக்குக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து என் பெயர் ‘இங்க பாரு’. பிரவீனா என்று ஒரு நல்ல பெயர் எனக்கு இருப்பது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்ட மனிதர், “சரிங்க அம்மணி, நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்” என்று குழைந்தால் என்ன அர்த்தம்? கல்லில் தோசை கரிந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை, அதைவிட உள்ளே அதிகமாக எரிந்தது.

போனின் அந்தப் பக்கம் இருந்தவள் லாஸ்யா. எங்களுக்குக் கணபதியில் ஒரு லேத் பட்டறை. பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். எங்களிடம் வாங்குகிற பெரிய கம்பெனியில் யாரிடம் எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்கிறவள் அவள்தான். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருக்குத் தீபாவளிக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு கொடுத்தால் போதும், வருடம் முழுக்கச் சிரிப்பார். இவள் ஸ்காட்லாந்தில் படித்தவள். இவளுக்குப் புகை வாடை அடிக்கிற விஸ்கிதான் வேண்டும்.

மாதம் ஒருமுறை கம்பெனிக்காரர்கள் பட்டறைக்காரர்களையெல்லாம் அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலுக்கு விருந்துக்குக் கூப்பிடுவார்கள். அதுவரை என் வீட்டுக்காரர் பிராந்திக்காரர். எப்போதாவது நண்பர்களோடு குடிப்பார், மிக்சர் தின்பார், வந்து திரும்பிப் படுத்துக்கொள்வார். எனக்கு அதில் ஒரு புகாரும் இருந்ததில்லை. லாஸ்யாவின் மேசையில் உட்கார்ந்துவிட்டு வந்த அன்றைக்கு மனிதர் படுக்கவில்லை. கட்டிலில் சம்மணமிட்டுப் பாடம் எடுத்தார்.

“பீட்னு ஒரு மண்ணு இருக்குது. சதுப்புல செடி கொடியெல்லாம் மக்கி மண்ணாப் போனது. அதை வறட்டியாட்ட வெட்டிக் காய வெச்சு எரிப்பாங்களாமா. அந்தப் பொகையில பார்லியை ஒணத்தி, அதுல விஸ்கி காச்சறது. ஸ்காட்லாந்துல ஐலானு ஒரு தீவுல இதுதான் தொழிலே.”

“ஆரு சொன்னது?”

“லாஸ்யா மேடம்தான். மொதல்ல ஆருக்கும் புடிக்காதாமா. பொறுமையாப் பழகோணுமாமா. பழகிப்போட்டா அப்பறம் வேற எதையும் தொட மனசு வராதாமா.”

அந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. கொடுப்பவள் அவளாக இருக்கும்போது, வேற எதையும் தொட மனசு வராது என்றால் நான் எதை நினைத்துக்கொள்வது?

சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமைதான். அவள் கார் ஓட்டுகிறாள் என்றோ, முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டாள் என்றோ இல்லை. நானும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள்தான், என் முடி என் இடுப்பு வரைக்கும் இருக்கிறது. அவள் ஒன்றைச் சொன்னால் இவர் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்து சொல்கிறார் பாருங்கள், அதில்தான் பொறாமை. நான் சொன்ன எதையும் இவர் வாசல்படி வரை கூடக் கொண்டுபோனதில்லை.

“எதுக்கு இந்த வேசமெல்லாம்?” என்று ஒருநாள் நேராகவே கேட்டேன்.

“ஆர்டருக்கு வேண்டித்தான். பின்ன எதுக்கு? அவிங்ககூட நல்லபடியா இருந்தாத்தான பட்டறை ஓடும்?”

ஆர்டருக்காக என்றால் சரி. பொழைப்புக்காக மனிதர் எதையும் குடிக்கலாம். ஆனால் அவளுக்காக என்றால்? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கு நடுவில் அவள் வெளிநாடு போய்வந்து அவருக்கு ஒரு பாட்டில் கொடுத்தாள். பச்சை நிறத்தில், தோள் அகன்ற பாட்டில். பீரோவில் வேட்டிகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினார். என் கல்யாணப் பட்டுக்குக் கூட அந்தப் பந்தோபஸ்து கிடையாது. தினமும் சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சின்ன கிளாஸ். “பழகறேன்” என்றார். பரீட்சைக்குப் படிப்பவர் போல அவ்வளவு சிரத்தை.

பீரோச் சாவி எங்கே இருக்கும் என்று பெண்டாட்டிக்குத் தெரியாதா? மகள் பள்ளிக்கும் இவர் பட்டறைக்கும் போன ஒரு மத்தியானம் பாட்டிலை எடுத்தேன். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அப்படி என்ன இருக்கிறது, நானும் பார்த்துவிடுகிறேன் என்ற ஆத்திரம்.

கார்க்கை இழுத்ததும் ஆஸ்பத்திரி வாடை வந்தது. டிஞ்சர் நனைத்த பஞ்சைப் பழைய டயரோடு சேர்த்துக் கொளுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, கஷாயம் குடிக்கிற மாதிரி ஒரே மடக்காக விழுங்கினேன். தொண்டையிலிருந்து தொப்புள் வரை தீப்பிடித்தது. ஓடிப்போய் மோரைக் குடித்தேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். அன்றைக்குக் கழுதை நான்தான். ஆனால் அவளுக்குத் தெரிகிற கற்பூரம் எனக்குத் தெரியாமல் போவதா? விட்டுவிட மனசில்லை.

போனில் தேடிப் படித்தேன். நான் செய்தது எல்லாமே தப்பு. டம்ளர் ஆகாது, கண்ணாடி கிளாஸ்தான் வேண்டும். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்கக் கூடாது. சற்றுத் தள்ளிப் பிடித்து, வாயை லேசாகத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். முதல் வாய் நாக்கை நனைக்க மட்டும். அது எரியத்தான் செய்யும், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. இரண்டாவது வாயை நாக்கில் உருட்டி, அவசரப்படாமல் விழுங்க வேண்டும். பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். தண்ணீர் பட்டதும் அடியில் ஒளிந்திருக்கிற வாசம் மேலே வருமாம். கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு அது விளங்கியது.

அடுத்தடுத்த மத்தியானங்களில் அப்படியே செய்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஆஸ்பத்திரி விலகியது. முதலில் ஈர மண்ணில் தீ மூட்டியது போல ஒரு வாசம். அதற்குப் பின்னால் கடற்கரையில் நின்று உதட்டை நக்கினால் வருகிற உப்பு. ஒருநாள், தண்ணீர் விட்டு வைத்துவிட்டு மறந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து ஒரு வாய் குடித்தால், புகையெல்லாம் ஓய்ந்த பிறகு, சுட்ட சோளக்கதிரின் கடைசி மணிகளில் இருக்குமே ஓர் இனிப்பு, அது வந்து நாக்கில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது போகவே இல்லை. மடித்த துணிகளுக்கு நடுவில் நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல ஒன்றை இவர்கள் இரண்டு பேரும் எனக்குச் சொல்லாமல் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்களே என்ற வயிற்றெரிச்சல்தான் அது.

பாட்டில் குறைந்தால் தெரிந்துபோகும். சொட்டுச் சொட்டாக எடுத்துத் தண்ணீர் விட்டால் எனக்கும் தண்ணீர்தான் கிடைக்கும். அதனால் இருந்ததில் பாதியை ஒரேயடியாக ஒரு பழைய நன்னாரி சர்பத் பாட்டிலில் ஊற்றி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அது என் பங்கு. அவர் பாட்டிலில் எடுத்த அளவுக்குத் தண்ணீர். அதிலும் நான் ஒரு கோயமுத்தூர்க்காரி. எங்கள் தெருவுக்கு வருவது பில்லூர் அணைத் தண்ணீர். ஏமாற்றுவதென்றாலும் நல்ல தண்ணீரில் ஏமாற்ற வேண்டும் என்று, வடவள்ளியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு கேன் சிறுவாணித் தண்ணீர் பிடித்து வந்தேன். நிறம் வெளுத்திருந்தது. காப்பி டிகாக்ஷன் சில சொட்டு விட்டதும் சரியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குடித்துவிட்டு வெளியே வந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

“இன்னைக்குத்தான் எனக்குப் புடிபட்டுச்சு. பொகை தனியாத் தெரியுது, இனிப்பு தனியாத் தெரியுது. பழக்கந்தான் எல்லாம்!”

சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். சிறுவாணித் தண்ணீர் அல்லவா, இனிக்காமல் என்ன செய்யும்?

அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள்தான். ஒருநாள் கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே கண்ணாடியில் அவர் தெரிந்தார். இடது கையால் மூக்கை இறுக்கப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளை போல ஒரே மடக்காக விழுங்கினார். உடம்பு குலுங்கியது. உடனே ஒரு வெல்லக்கட்டியை வாயில் போட்டுக் கடித்தார். பாதி தண்ணீர் கலந்த பிறகும் இந்தப் பாடு. அப்புறம் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனை வாயருகே வைத்துப் பேசினார்: “மேடம், இன்னைக்கும் ஒண்ணு குடிச்சனுங்க. அந்தக் கடைசி வாசம் இருக்குது பாருங்க, அருமைங்க, அருமை!”

அவருக்கு அது பிடித்திருந்தால் கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பிடித்ததை ஒருவர் தேடிப் போவதில் என்ன இருக்கிறது? கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் கத்தரிக்காயைத் தணலில் சுட்டுக் கடைந்து வைத்தேன். எங்கள் அம்மா வீட்டில் அது எனக்கு உயிர். “பொகை நாத்தம் அடிக்குது” என்று தட்டைத் தள்ளிவிட்டார். அதோடு நான் அதைச் செய்வதையே விட்டேன். அந்த மூக்குதான் இப்போது பொத்திக்கொண்டு புகையைக் குடிக்கிறது.

ஆர்டருக்காகத்தான், ஆர்டருக்காகத்தான் என்று நூறு முறை சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. கடைசியில் அவரிடம் சொன்னேன்: “அந்த மேடத்தை ஊட்டுக்குக் கூப்புடுங்க. ஒரு நாளைக்கு விருந்தாளியா, ஒறம்பரையா வந்து நம்ம ஊட்டுச் சோத்தைத் தின்னுபோட்டுப் போகட்டும்.”

வேண்டாம் என்று மழுப்புவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ துள்ளிக் குதித்தார். புதுத் திரைச்சீலை வந்தது. காந்திபுரத்துக்குப் போய்க் கண்ணாடி கிளாஸ் வாங்கி வந்தார். கழுவ என்னிடம் கொடுக்காமல் தானே கழுவினார். என் தம்பி கல்யாணத்துக்கு வந்தபோது கூட இவர் இவ்வளவு வழவழவென்று சவரம் செய்துகொண்டதில்லை.

சனிக்கிழமை மகளை அன்னூரில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். சாயங்காலம் லாஸ்யா வந்தாள். சாதாரண நூல் சேலை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேரே சமையலறைக்கு வந்து, “அக்கா, என்ன வாசமுங்க இது, நல்லாம்பட்டிக் கோழியா? எனக்குப் பசியே தாங்குலீங்க” என்றாள். தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! வெறுக்கக் கூட வழியில்லாத ஒருத்தியிடம் பொறாமைப்படுவது பெரிய கொடுமை.

அவள் புதிதாக ஒரு பாட்டில் கொண்டு வந்திருந்தாள். அதே பச்சை, அதே தோள். கூடத்தில் உட்கார்ந்து அவருக்கும் தனக்கும் ஊற்றினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, உங்களுக்குங்க?”

அவர் சிரித்தார். “அவளுக்கா? நல்லாச் சொன்னீங்க போங்க. ரசத்துல பெருங்காயம் எச்சாப் போனாலே மூக்கைச் சுழிப்பா. அவளுக்கெங்கீங்க இந்த ருசியெல்லாந் தெரியும்?”

“ஊத்துங்க அம்மணி” என்று கிளாஸை நீட்டினேன்.

தள்ளிப் பிடித்து மோந்தேன். முதல் வாய் நனைத்தேன். கேனில் மிச்சமிருந்த சிறுவாணியில் சில சொட்டு விட்டுக் காத்திருந்தேன். இரண்டாவது வாய். “பொகை மொதல்ல வருதுங்க. கடலோர உப்பு அப்பறந்தான். கடைசியில சுட்ட சோளக்கருதாட்ட ஒரு இனிப்பு நிக்குது பாருங்க” என்றேன்.

லாஸ்யா தன் கிளாஸை இன்னொரு முறை குடித்துப் பார்த்தாள். “சோளக்கருது! அதேதானுங்க அக்கா! இத்தனை வருசமா அதுக்கு எனக்குப் பேரு தெரியாம இருந்துச்சு” என்றாள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இல்லை. தன் இடத்தில் யாரோ உட்கார்ந்துவிட்ட மாதிரிப் பார்த்தார். அவசரமாகத் தானும் பெரிதாக ஒரு வாய் குடித்தார். தண்ணீர் கலக்காத பாட்டில். கண் பிதுங்கிவிட்டது.

“இது... வேற மாதிரி இருக்குதுங்களே?”

“அதே விஸ்கிதானுங்க சார். நீங்க தினமும் குடிக்கிறதுதான்.”

நான் மிக்சர் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். வெளியாள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான்.

சாப்பாட்டுக்கு நடுவில் லாஸ்யா, “சார், ஒரு சேதி. நான் வேலையை உட்டுட்டனுங்க. அடுத்த மாசம் புனே போறேன், அங்க வேற வேலை. நீங்க பயப்பட வேண்டாம், உங்க ஆர்டருக்கு ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். அதை ஆரும் மாத்த முடியாது” என்றாள். பிறகு சிரித்தாள். “இன்னிமேலு எனக்கு வேண்டி ஆரும் இந்தப் பொகையைக் குடிக்க வேண்டியதில்லீங்க. அந்த விருந்துல பாதிப் பேரு என்ர நாற்காலிக்கு வேண்டித்தான் குடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? எல்லாம் பிராந்திக்காரங்க!”

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இரண்டு மாதமாக நான் தவித்த கேள்விக்கு அவளே வழி திறந்துவிட்டாள். இனி ஆர்டர் பயமும் இல்லை, நாற்காலியும் இல்லை. அவர் அந்தக் கிளாஸைக் கீழே வைத்தால் போதும். அவர் சொன்னதெல்லாம் உண்மை, நான்தான் பைத்தியக்காரி என்று ஆகிவிடும். பைத்தியக்காரியாக இருக்க நான் அவ்வளவு ஆசைப்பட்டேன்.

குனிந்து அவர் காதருகே மெதுவாகச் சொன்னேன். புதிதாகக் கல்யாணமானபோது கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டேன்.

“மாமா, புடிக்காட்டி வெச்சுருங்க. உள்ள பிராந்தி இருக்குது, எடுத்துட்டு வாரேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கிளாஸையும் பார்க்கவில்லை. லாஸ்யாவைப் பார்த்தார். “ஆரு சொன்னாங்க புடிக்காதுன்னு? மத்தவிங்க நடிச்சிருப்பாங்க. நானு அப்படியில்லீங்க. நீங்க புனே போனாலும் நான் இதைத்தான் குடிப்பனுங்க” என்றவர், கிளாஸில் இருந்தது முழுவதையும் ஒரே மடக்காக விழுங்கினார்.

இருமல் வந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓடியது. துண்டால் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை வருடத்தில் எனக்காக இந்த மனிதர் ஒரு வாய் கசப்பை விழுங்கியிருப்பாரா? அவளோ இவரைக் கவனிக்கவே இல்லை. கோழிக் குழம்பில் மிளகாயை எப்போது கிள்ளிப் போட வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டிலை எடுத்தேன்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?”

வேண்டாம் என்று கையைத் தூக்கினார். பாவம், அவரால் பேசக் கூட முடியவில்லை. அப்போதுதான் லாஸ்யா குழம்பிலிருந்து நிமிர்ந்து அவர் பக்கம் திரும்பினாள்.

தூக்கிய கையை இறக்கி, கிளாஸை எடுத்து, அவர் என்னிடம் நீட்டினார்.